அரசு மாறினால் ஊர் மாறுவதா?

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



“அரசு மாறப் போகிறது, இனி இங்கே நமக்கு வாழ்வில்லை, வேறிடம் பார்த்துப் போய்விடுவதே நல்லது” என்று பேசிக்கொள்ளும் மக்கள் உலகின் பல நாடுகளிலும் இன்று உள்ளனர். தேர்தல் நாள் நெருங்க நெருங்க அப்பேச்சு வலுக்கிறது. முடிவு வெளிவந்த மறுநாள் அது உச்சத்தை எட்டுகிறது. அப்பேச்சில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை. போவோர் யாவர், போக முடியாதார் யாவர். போனவர் பெற்றதென்ன, நின்றவர் பெற்றதென்ன என்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பிறந்த ஊரை விட்டு வெளியேறுவோர் மூவகையினர். பசி துரத்த ஓடுவோர் ஒருவகையர். நெருப்புத் துரத்த ஓடுவோர் மற்றொரு வகையர். இவ்விருவரையும் நாம் வினவுவதற்கு ஒன்றுமில்லை, உயிர் காக்க ஓடுவோனை நிறுத்தி, “ஏன் ஓடுகிறாய்?” என்று கேட்பவன் மாந்தனல்லன். மூன்றாவது வகையினர் வேறு. வீடு எரியவில்லை, வயிறு காயவில்லை, ஆயினும் வாக்குப் பெட்டியிலிருந்து வெளிவந்த ஒரு முடிவு அவர்களை அச்சுறுத்துகிறது. அவ்வச்சம் முழுப்பொய்யுமன்று, முழுமெய்யுமன்று. அதனாலேயே அதனை ஆராய்ந்து பார்க்க வேண்டியுள்ளது.

இதற்கு உலக வரலாற்றில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலத்தில் 1976-இல் நடந்த ஆட்சி மாற்றமும், அதையொட்டி ஆங்கிலம் பேசுவோர் பல்லாயிரவர் அம்மாநிலத்தை விட்டு வெளியேறியதுமாகும். மொழியை உயிரென எண்ணுவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

தம் மண்ணில் தாமே கீழோர்

கியூபெக்கு மாநிலத்து மக்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் பிரஞ்சு மொழி பேசுவோர். 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அந்நிலம் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. அதன்பின் இருநூறு ஆண்டுகள் அம்மக்கள் தம் மொழியை விடவில்லை. உழுதனர், மரம் வெட்டினர், ஆலைகளில் உழைத்தனர். ஆனால் வணிகமும், வைப்பகமும், பெருந்தொழிலும் ஆங்கிலத்தின் கையில் இருந்தன. மாண்டிரியல் மாநகரில் பெரிய கடைக்குள் நுழைந்த பிரஞ்சுக்காரர், தம் சொந்த நகரில், தம் மொழியில் ஒரு பொருளைக் கேட்டு வாங்க முடியாத நிலை பலகாலம் நீடித்தது. மேலாளர் ஆங்கிலத்தில் ஆணையிடுவார். தொழிலாளி பிரஞ்சில் முணுமுணுத்துக்கொண்டே பணி செய்வார்.

இது வெறும் உணர்ச்சிக் கூற்றன்று. இருமொழி, இருபண்பாடு பற்றி ஆராயக் கனடா நடுவணரசு 1963-இல் அமைத்த ஆணையக் குழு, 1961-ஆம் ஆண்டின் குடிக்கணக்கைக் கொண்டு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. கியூபெக்கில் வாழும் ஆடவரை வழிமரபு நோக்கிப் பதினான்கு பிரிவாக்கி, அவர்தம் வருவாயை வரிசைப்படுத்திய பொழுது, பிரஞ்சு வழியினர் பன்னிரண்டாம் இடத்தில் நின்றனர். அவர்களுக்குக் கீழே இருந்தோர் இத்தாலிய வழியினரும் தொல்குடியினருமே. பிரித்தானிய வழியினர் ஓராண்டில் நடுவளவாக 4,940 தாலர் பெற்றபொழுது, பிரஞ்சு வழியினர் பெற்றது 3,185 தாலர். சொந்த மண்ணில், பெரும்பான்மை மக்கள், பன்னிரண்டாம் இடத்தில்! எண்ணிப் பாருங்கள்.

1960-இல் இழான் இலெசாழ் தலைமையில் அமைந்த அரசு அம்மாநிலத்தில் அமைதியான ஒரு புரட்சியைத் தொடங்கியது. கல்வியும் மருத்துவமும் மடங்களின் கையினின்று அரசின் கைக்கு வந்தன. 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில், மின் நிறுவனங்களை அரசுடைமையாக்குவது குறித்து மக்களின் ஒப்புதல் கேட்கப்பட்டது. “எம் வீட்டில் யாமே தலைவர்” என்பதே அத்தேர்தலின் முழக்கம். அத்திட்டத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் இரெனே இலெவேக்கு. அவரே பின்னர் 1968-இல் கெபெக்குவாக் கட்சியைத் தோற்றுவித்தார். தனியரசு என்பதே அக்கட்சியின் குறிக்கோள்.

ஒன்பது வண்டிகள் காட்டிய பூச்சாண்டி

அக்கட்சி முதன்முதலாகப் போட்டியிட்ட பொதுத்தேர்தல் 1970 ஏப்பிரல் 29 அன்று நடைபெற்றது. அதற்கு மூன்று நாள் முன்னர், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மாண்டிரியலில் பெருநிதி நிறுவனமொன்றின் வாயிலிலிருந்து ஒன்பது கவசச் சரக்குந்துகள் வரிசையாகப் புறப்பட்டன. பங்கு ஆவணங்களை ஏற்றிக்கொண்டு அவை ஒண்டாரியோ மாநிலத்தை நோக்கிச் சென்றன. அவ்வண்டிகளின் படம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. “இக்கட்சி வென்றால் பணமெல்லாம் பறந்துவிடும், பார்த்தீர்களா, இப்பொழுதே பறக்கிறது!” என்னும் செய்தியை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டுவதில்லை; ஒன்பது வண்டிகளே அதைச் சொல்லிவிட்டன.

அத்தேர்தலில் அக்கட்சி 23 விழுக்காடு வாக்குப் பெற்றும் ஏழு இடங்களே கிடைத்தன. தோல்விக்கு அவ்வண்டிகளே முழுக்கரணியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. வெளியேறுவோம் என்பது சிலருக்கு அச்சத்தின் வெளிப்பாடு. வேறு சிலருக்கோ அச்சுறுத்தும் படைக்கருவி. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்க வேண்டும். பணம் படைத்தவன் “போகிறேன்” என்று சொல்லும்பொழுது, அவன் உண்மையில் போகிறானா, அன்றி நம்மைப் பணிய வைக்கப் பார்க்கிறானா என்று கேட்க வேண்டும்.

அதே ஆண்டு அக்தோபரில் வேறொரு கொடுமையும் நடந்தது. 1963 முதல் குண்டு வைத்து வந்த ஒரு சிறு குழு, பிரித்தானிய வணிகப் பேராளர் ஒருவரையும் மாநில அமைச்சர் பியேர் இலாப்போர்த்தையும் கடத்தியது, அமைச்சர் கொல்லப்பட்டார். நடுவணரசு போர்க்காலச் சட்டத்தை ஏவி, நூற்றுக்கணக்கானோரை உசாவலின்றிச் சிறைப்படுத்தியது. மக்கள் அக்கொலை வழியை ஏற்கவில்லை. இலெவேக்கும் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். வாக்கு ஒன்றே வழியென்று நின்றார், ஆறாண்டுகள் பொறுத்திருந்தார்.

1976 நவம்பர் 15

அன்று முடிவு வெளிவந்தது. 110 இடங்களில் 71 இடம் கெபெக்குவாக் கட்சிக்கு. முதலமைச்சராக இருந்த இரொபேர் பூராசா தம் தொகுதியிலேயே தோற்றார். பிரஞ்சு மக்கள் தெருவில் ஆடிப்பாடினர். அதே இரவில், அதே நகரின் மேற்குப் பகுதியில், பல வீடுகளில் விளக்கணையாமல் மக்கள் தமக்குள் கேட்டுக்கொண்டனர்: “இனி என்ன செய்வது? இருப்பதா, போவதா?”

அடுத்த ஆண்டு, 1977 ஆகத்து 26 அன்று, அமைச்சர் கமீல் இலோரான் வடித்த பிரஞ்சு மொழிப் பட்டயம் சட்டமாயிற்று. 101-ஆம் சட்டம் என்பது அதன் பெயர். ஐம்பதின்மரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள் பிரஞ்சு மொழியில் இயங்க வேண்டும். புதிதாகக் குடியேறுவோரின் பிள்ளைகள் பிரஞ்சுப் பள்ளியிலேயே பயில வேண்டும். கடைகளின் பெயர்ப்பலகைகள் பிரஞ்சில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பன அதன் முகன்மையான விதிகள்.

1978 சனவரியில், மாண்டிரியலின் பெருமைக்குச் சான்றாய் நின்ற சன் இலைப்பு என்னும் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தைத் தொராண்டோ நகருக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. மொழிச் சட்டத்தையே அதற்குக் கரணியமாகக் காட்டியது. மாண்டிரியலிலிருந்து தொராண்டோவுக்குச் செல்லும் பெருஞ்சாலையின் எண் 401. “101-ஐ ஏற்றுக்கொள், இன்றேல் 401-இல் ஏறிக்கொள்” என்பது அக்காலத்தில் வழங்கிய கசப்பான நகைமொழி.

எத்தனை பேர் ஏறினர்? 1976-க்கும் 1981-க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1,30,000 பேர் பிற மாநிலங்களுக்குச் சென்றனர். ஏறத்தாழ 25,000 பேர் வந்தனர். இழப்பு ஒரு நூறாயிரத்துக்கும் மேல். எட்டு நூறாயிரம் பேராக இருந்த ஓர் இனத்தில், எண்மரில் ஒருவர் ஐந்தே ஆண்டில் குறைந்தனர். இது சிறிய செய்தியன்று.

யார் போனார்? ஏன் போனார்?

இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. அப்பேய் எவ்வளவு, இருள் எவ்வளவு என்று அளந்து பார்ப்போம்.

முதலாவது, அவ்வெளியேற்றம் 1976-இல் தொடங்கியதன்று. அதற்கு முன்னைய பத்தாண்டிலும், ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆங்கிலேயர் என்னும் அளவில் அம்மாநிலம் இழந்துகொண்டே இருந்தது. கனடாவின் பொருள்வாழ்வு மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1959-இல் செயின்ற் இலாரன்சு நீர்வழி திறக்கப்பட்டபின், பெருங்கப்பல்கள் மாண்டிரியலில் நிற்க வேண்டிய தேவையின்றி ஏரிகள் வரை செல்லலாயின. வைப்பகங்களும் பங்குச் சந்தையும் தொராண்டோவில் வளர்ந்தன. போகத் தொடங்கியிருந்த பணம், போவதற்கு ஒரு பெயரை 1976-இல் கண்டுகொண்டது.

இரண்டாவது, போனவர் பெரும்பாலும் யாவர்? கல்வியும், கைப்பொருளும், அங்கே காத்திருக்கும் வேலையும் உடையவர், இளையோர். ஆலைத்தெருக்களில் வாழ்ந்த ஏழை ஆங்கிலத் தொழிலாளி போகவில்லை. வீட்டை விற்றால் விலை கிடைக்காத முதியோர் போகவில்லை. பிள்ளைகள் தொராண்டோவில், பெற்றோர் மாண்டிரியலில் என்று பிரிந்த குடும்பங்கள் பல. வெளியேறுவது ஓர் உரிமை. ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்த இயலாதவரே எப்பொழுதும் மிகுதி. எனவே, “பிடிக்காவிட்டால் போ” என்று சொல்லும் ஆட்சியாளனும், “நான் போகிறேன்” என்று அறிவிக்கும் செல்வனும், போக முடியாத அந்த ஏழையை மறந்துவிட்டே பேசுகின்றனர்.

மூன்றாவது, குறையே இல்லாத குற்றச்சாட்டா அது? இல்லை. சில வருத்தங்கள் மெய்யானவை. சிறு கடைக்காரர் தம் பெயர்ப்பலகையில் தம் மொழியைச் சிறிய எழுத்திலும் எழுதக்கூடாது என்பது மிகை. 1988-இல் கனடா உச்ச முறைமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. பிரஞ்சை முதன்மையாக்குவது முறை. பிறமொழியை முற்றிலும் விலக்குவது முறையன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். அரசு அதனை உடனே ஏற்கவில்லை. எனினும் 1993-இல், பிரஞ்சு மேலோங்கி நிற்க, பிறமொழியும் இடம்பெறலாம் என்று சட்டம் திருந்தியது. பிழையைத் திருத்திக்கொள்ளும் வாயில் திறந்திருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நின்றவர் கண்ட வழி

போனவர் கதை செய்தித்தாளில் வரும். நின்றவர் கதை வராது. ஆகவே அதையும் சொல்கிறேன்.

மாண்டிரியலை அடுத்த செயின்ற் இலாம்பர்ட்டு என்னும் ஊரில், ஆட்சி மாறுவதற்குப் பதினோராண்டு முன்னரே, 1965-இல், ஆங்கிலப் பெற்றோர் சிலர் கூடி, “நம் பிள்ளைகள் இம்மண்ணின் மொழியைக் கற்காமல் இங்கே வாழ முடியாது” என்றுணர்ந்து, சிறு வகுப்பிலிருந்தே பிரஞ்சிலேயே பாடம் நடத்தும் வகுப்பைத் தொடங்கச் செய்தனர். அம்முறை பின்னர்க் கனடா முழுவதும் பரவியது. 1971-இல் கியூபெக்கு ஆங்கிலேயருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே பிரஞ்சு அறிந்திருந்தனர். 2001-இல் மூவரில் இருவர் அறிந்திருந்தனர். நின்றவர் ஒன்றுகூடி அமைப்புக் கண்டனர், முறைமன்றம் சென்றனர், தேர்தலில் நின்றனர். அவர்தம் பள்ளிகள் பல தொடர்ந்து இயங்கின. 1821-இல் தோன்றிய மெக்கில் பல்கலைக்கழகம் இன்றும் ஆங்கிலத்திலேயே இயங்குகிறது.

மறுபுறம் பிரஞ்சு மக்கள் பெற்றதென்ன? 1970-களின் தொடக்கத்தில், ஆங்கிலமும் பிரஞ்சும் அல்லாத பிறமொழியினரின் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஏழில் ஒருவரே பிரஞ்சுப் பள்ளியில் படித்தனர்; சட்டத்திற்குப் பின் அது பத்தில் ஒன்பதாயிற்று. பன்னிரண்டாம் இடத்தில் நின்ற மக்கள் மேலாளராயினர்; நிறுவனத் தலைவராயினர். போன பணத்தின் இடத்தில் அவர்தம் சொந்தப் பணம் வளர்ந்தது. ஒரு மொழி, வேலை வாங்கித்தரும் மொழியாகும்பொழுதே வாழும் மொழியாகிறது. இந்த எளிய உண்மையை அம்மக்கள் உலகுக்குக் காட்டினர்.

அஞ்சியது போல் தனியரசு வந்துவிட்டதா? 1980 மே 20-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேண்டாமென்றனர். இலெவேக்கு அதனை ஏற்றுக்கொண்டார். 1995 அக்தோபர் 30-இல் இரண்டாம் முறை, வேண்டாமென்றோர் 50.58 விழுக்காடு, வேண்டுமென்றோர் 49.42 விழுக்காடு. அம்முடிவும் ஏற்கப்பட்டது. ஆனால் அன்றிரவு முதலமைச்சர் இழாக்கு பாரிசோ, பணமும் பிற இனத்தார் வாக்குமே தோல்விக்குக் கரணியம் என்று பேசினார். அந்த ஒரு சொல், இருபதாண்டு உழைத்து ஈட்டிய நம்பிக்கையை ஒரே இரவில் சிதைத்தது. மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். ஆட்சியைப் பிடிப்போர் நாவைக் காக்க வேண்டும். அடுத்தவீட்டானின் தூக்கத்தைக் கெடுப்பது சட்டத்தின் விதியைவிடத் தலைவனின் சொல்லே.

இன்னொன்றும் உண்டு. அதே 1995 அக்தோபரில், அம்மாநிலத்தின் வடபகுதியில் வாழும் கிரீ தொல்குடியினர் தமக்குள் தனி வாக்கெடுப்பு நடத்தி, பிரிந்து செல்லும் கியூபெக்கோடு தாம் செல்ல மாட்டோம் என்று ஏறத்தாழ ஒருமனதாக அறிவித்தனர். நாம் கேட்கும் உரிமையை நம்மினும் சிறியோர் நம்மிடம் கேட்பர். கொடுக்க அணியமாக இருப்பவனுக்கே கேட்கும் தகுதி உண்டு.

நம்மை நோக்கி ஒரு கேள்வி

இதுவரை கேட்ட உங்களுள் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். “1956-இல் இலங்கையில் ஆட்சி மாறிச் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததே, அதை எதிர்க்கும் நாம் கியூபெக்குச் சட்டத்தைப் பாராட்டலாமா?” நேர்மையான கேள்வி. விடை சொல்லாமல் நழுவக் கூடாது.

அங்கும் தொடக்கத்தில் ஆங்கிலத்தின் மேலாளுமையே குறையாகக் காட்டப்பட்டது. அங்கும் அச்சட்டத்தின் பின் மக்கள் வெளியேறினர். ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்ட பறங்கியர் பல்லாயிரவர் ஆத்திரேலியாவுக்குக் கப்பலேறினர். ஆனால் வேறுபாட்டை மூன்று கேள்விகளால் அளக்கலாம். ஒன்று, புதிய சட்டம் அடுத்தவன் மொழிக்கு அவன் வீட்டையும் பள்ளியையும் அலுவல் உரிமையையும் விட்டுவைத்ததா? கியூபெக்கில் ஆங்கிலேயருக்குப் பள்ளியும் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் இருந்தன. இலங்கையிலோ, அம்மண்ணின் தொன்மக்களாகிய தமிழரின் மொழி ஆட்சிமொழி நிலையினின்றே தள்ளப்பட்டது. சிங்களம் கற்காத தமிழ் அலுவலர் வேலையிழந்தனர். இரண்டு, முறையிட்டால் திருந்தும் வாயில் இருந்ததா? கியூபெக்கில் இருந்தது. இலங்கையில் 1957-இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த உடன்படிக்கையை மறு ஆண்டே தலைமையமைச்சர் பண்டாரநாயக்கா கைவிட்டார். மூன்று, உயிர்க்குக் காப்பு இருந்ததா? கியூபெக்கில் மொழிச் சட்டத்தால் ஆங்கிலேயர் வீடு எதுவும் எரியவில்லை. இலங்கையில் 1958-இலும், 1977-இலும், 1983-இலும் தமிழர் வீடுகள் எரிந்தன; உயிர்கள் எரிந்தன.

இம்மூன்று கேள்விக்கும் விடை ‘இல்லை’ என்றாகும் இடத்தில், வெளியேறுவோனைக் கோழை என்பது கொடுமை. 1986 ஆகத்து மாதம் கனடாவின் நியூபவுண்டுலாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர் மீட்டனரே, அவர்கள் தேர்தல் முடிவைப் பார்த்துப் புறப்பட்டவர் அல்லர். நெருப்பைப் பார்த்துப் புறப்பட்டவர்.

அவ்வாறு கனடா அடைந்த ஏதிலியருள் பல்லாயிரவர் வாழும் நகர் எது தெரியுமா? அதே மாண்டிரியல். ஆங்கிலச் செல்வர் விட்டுச்சென்ற நகரில் நம் தமிழர் குடியேறினர். 101-ஆம் சட்டப்படி அவர்தம் பிள்ளைகள் பிரஞ்சுப் பள்ளிக்குச் சென்றனர். வீட்டில் தமிழும், பள்ளியில் பிரஞ்சும், தெருவில் ஆங்கிலமுமாக மும்மொழியில் வளர்ந்தனர். ஒருவர்க்கு வாழ்வின் முடிவாகத் தோன்றிய சட்டம், இன்னொருவர்க்கு வாழ்வின் தொடக்கத்தில் ஒரு விதியாக மட்டுமே இருந்தது. இடம் ஒன்றே, சட்டமும் ஒன்றே. வந்த வழி வேறு; ஆதலால் கண்ட காட்சியும் வேறு.

முடிவாக

பெருமக்களே, அவ்வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. 2022-இல் வேறொரு கட்சியின் அரசு மொழிப்பட்டயத்தை மேலும் இறுக்கியது. அன்றும், போவோமா இருப்போமா என்னும் பேச்சு எழுந்தது. நாளை எழக்கூடும், வேறு நாடுகளிலும் எழும். அப்பொழுது நாம் சொல்லத்தக்கவை மூன்று.

போக எண்ணுவோர்க்கு: உங்கள் உயிர்க்கும் மானத்துக்கும் கேடென்றால் தயங்காது செல்லுங்கள். இழப்பது பழைய மேன்மை மட்டுமே என்றால், நின்று அண்டைவீட்டான் மொழியைக் கற்றுப் பாருங்கள். ஊரை இழப்பதினும் அது எளிது.

ஆட்சிக்கு வருவோர்க்கு: உங்கள் மொழியை அரியணையில் ஏற்றுங்கள்; அது உங்கள் பிறப்புரிமை. ஆனால் அடுத்தவன் மொழியைத் திண்ணையினின்றும் விரட்டாதீர்கள். எதிர்த்து வாக்களித்தவனும் உங்கள் குடிமகனே.

நமக்கு: ஒரு மொழியின் ஆட்சியைக் கண்டு பிறர் அஞ்சி ஓடுவது அம்மொழிக்குப் பெருமையன்று. பிறரும் விரும்பிவந்து கற்று, அதனால் வாழ்வு பெறுவதே பெருமை. அத்தகைய நிலைக்கு நம் மொழியை உயர்த்தும் உழைப்பை நம் வீட்டிலும், நம் கடையிலும், நம் அலுவலகத்திலும் இன்றே தொடங்குவோம். அவ்வுழைப்புக்கு எந்த அரசு மாற்றமும் தடையாகாது. எந்த அரசு மாற்றமும் ஈடாகவும் ஆகாது.